பிறர் வீட்டில் ஏற்றிய விளக்கு

(வாசிகசாலை ஆண்டு விழாவொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





அந்நிய நாட்டிலே அந்நியர் வீட்டிலே தங்கி வாழ நேர்ந்தவர்கள், அத்துன்பத்தினூடே இன்பத்தை எங்ஙனம் கண்டார்கள் என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். இந்த மண்டபத்திலே அமர்ந்திருப்பவர்களுள் தம் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, அது எந்த வீட்டில் உண்கிறதோ, எந்தக் கட்டிலில் உறங்குகிறதோ என்று ஏங்கியிராத தாய்மார் மிகச் சிலராகவே இருப்பர். ஆகவே, இப்பொருள் உங்களுக்குப் புதியதன்று.

திருக்குறளின் அதிகார வைப்பிலே ஓர் அழகு உண்டு. ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். முன்னது வீட்டுக்கு உரியவனின் கடமை; பின்னது வந்து தங்கியவனின் கடமை. இரண்டுக்கும் நடுவே பத்தாவதாக நிற்பது எது? இனியவை கூறல்! சோறு இடுவதற்கும் நன்றி பெறுவதற்கும் இடையிலே இனிய சொல் ஒன்று பாலமாக நிற்க வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை கருதினார் போலும். அந்தப் பாலம் இல்லாத வீட்டிலே விருந்து பிச்சையாகிவிடுகிறது, நன்றி அடிமைத்தனமாகிவிடுகிறது. இவ்வுண்மையை உள்ளத்தில் இருத்திக்கொண்டு, உலக வரலாற்றிலே பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஏறத்தாழப் பத்தாயிரம் குழந்தைகள் தாய் தந்தையரைப் பிரிந்து, மொழி தெரியாத நாட்டிலே, முகம் தெரியாத குடும்பங்களோடு வாழச் சென்ற வரலாறு அது.

கதவு திறந்த கதை

1938ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அந்நாடு ஜேர்மனியோடு இணைக்கப்பட்டது. அன்று தொட்டு வியன்னா நகரத்து யூத மக்களுக்கு வாழ்வு நரகமாயிற்று. அவ்வாண்டு யூலை மாதத்திலே பிரான்ஸ் நாட்டு எவியன் நகரில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, அகதிகளுக்காக அனுதாபத் தீர்மானங்கள் பேசினார்கள். பேசிய நாடுகள் பல. கதவைத் திறந்தவை சில. பெருந்தொகையானோரை ஏற்க முன்வந்ததோ கரீபியன் கடலிலுள்ள சின்னஞ்சிறு டொமினிக்கன் குடியரசு ஒன்றுதான்.

நவம்பர் 9ஆம், 10ஆம் நாட்களிலே ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் யூத ஆலயங்கள் கொளுத்தப்பட்டன, கடைகள் நொறுக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான ஆடவர் வதைமுகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். அதன் பின்னரே பிரித்தானியாவின் மனச்சாட்சி அசைந்தது. குவேக்கர் என்னும் சமாதானப் பற்றுடைய கிறிஸ்தவ சபையினரும் யூதத் தலைவர்களும் அரசை நெருக்கினார்கள். நவம்பர் 21ஆம் நாள் பாராளுமன்றத்திலே விவாதம் நடந்தது. 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோர் துணையின்றி வரலாம் என்று அரசு இசைந்தது. ஆனால், அவர்களால் அரசாங்கத்துக்குச் செலவு நேரலாகாது என்பது நிபந்தனை. பின்னர் தலைக்கு ஐம்பது பவுண் பிணையும் கேட்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைக்குக் கதவு திறந்தது, பெற்றவளுக்குத் திறக்கவில்லை. சட்டம் குழந்தையின் கையைப் பற்றியது. அதே நேரத்தில் தாயின் கையை உதறியது. கருணை பாதியும் கணக்குப் பாதியுமாக எழுதப்பட்ட சட்டம் அது. அதனாலேயே, உயிர் பிழைத்த பிள்ளைகளுள் மிகப் பலர் தம் பெற்றோரை மீண்டும் காணவே இல்லை.

எனினும், அந்தப் பாதிக் கருணைதானும் ஏனைய நாடுகளில் எளிதாகக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவிலே இருபதினாயிரம் குழந்தைகளை அனுமதிப்பதற்கென ஒரு மசோதா கொண்டுவரப்பட்டு, நிறைவேறாமலே மடிந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

முதற்கூட்டம் பேர்லின் நகரிலிருந்து புறப்பட்டு, டிசம்பர் 2ஆம் நாள் இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்தை அடைந்தது. அதன் பின் 1939 செப்டெம்பரில் போர் மூளும் வரை, புகையிரதங்களிலும் கப்பல்களிலும் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தனர். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் இலக்கமிட்ட அட்டை. கையிலே ஒரு சிறு பெட்டி. சட்டைப்பையிலே பத்து மார்க் பணம். அதற்கு மேல் கொண்டு செல்ல அனுமதி இல்லை. புகையிரதம் ஜேர்மனிய எல்லையைத் தாண்டி ஒல்லாந்துக்குள் நுழைந்ததும், மேடையிலே காத்து நின்ற ஒல்லாந்துப் பெண்கள் யன்னல்களினூடே சூடான பானமும் இனிப்பும் நீட்டினார்களாம். அந்தப் பிள்ளைகள் முதியவர்களான பின்னரும் மறவாமல் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி அது. பெயர் தெரியாத ஒருத்தி நீட்டிய ஒரு கோப்பைப் பானம் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சூடு ஆறாமல் இருந்திருக்கிறது!

சிறுமி சுமந்த பாரம்

அப்பிள்ளைகளுள் ஒருத்தியை மட்டும் நாம் சற்று நெருங்கிப் பார்ப்போம். அவள் பெயர் லோரே. 1928ஆம் ஆண்டு வியன்னாவிலே பிறந்தவள். தந்தை ஒரு வங்கியிலே கணக்குத் துறையில் உயர்ந்த பதவி வகித்தவர். தாய் பியானோ இசை பயின்றவர். 1938 டிசம்பரிலே, தன் பத்தாவது வயதிலே, வியன்னாவிலிருந்து புறப்பட்ட முதற்கூட்டத்திலே அவள் ஏற்றப்பட்டாள்.

புறப்படு முன் தந்தை அவளிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். "இங்கிலாந்து மக்களைக் கண்டால், என் தாய் தந்தையரையும் பாட்டன் பாட்டியையும் உறவினரையும் மீட்டுத் தாருங்கள் என்று சொல்" என்பதே அதன் கருத்து. பத்து வயதுச் சிறுமியின் தோளிலே ஒரு குடும்பத்தின் உயிர்! தந்தையைக் குறைகூற நமக்கு நாவெழாது. மூழ்குகின்றவன் துரும்பையும் பற்றுவான். ஆயினும் அந்தத் துரும்புக்கும் ஒரு நெஞ்சம் உண்டு அன்றோ?

தாய் என்ன கொடுத்தாள்? மகள் விரும்பிக் கேட்ட ஓர் இறைச்சிச் சொசேஜை அலைந்து வாங்கிவந்து பெட்டியிலே வைத்தாள். பிள்ளைக்கோ அதை உண்ண மனம் இல்லை. எறியவும் மனம் இல்லை. நாட்கள் சென்றன. அது நாற்றம் எடுத்தது. தாயின் அன்பே பெட்டிக்குள் அழுகிக் கிடப்பது போல அவளுக்குத் தோன்றியது. குற்ற உணர்ச்சியும் வெட்கமும் அவளைத் தின்றன. பெரும் போர்களைப் பற்றி நூறு நூல்கள் எழுதப்பட்டுள்ளன. பெட்டிக்குள் கெட்டுப்போன உணவுக்காகக் கலங்கிய குழந்தையின் துயரம் அந்நூல்களிலே இடம்பெறுவது அரிது. அத்துயரத்தை லோரேயே பிற்காலத்தில் எழுதி வைத்தமையால் நாம் இன்று அறிகிறோம்.

ஹாரிச்சுக்கு அண்மையிலே டோவர்கோர்ட் என்னும் கடற்கரையூர் உண்டு. கோடை விடுமுறைக்காகக் கட்டப்பட்ட ஒரு முகாம் அங்கே இருந்தது. மெல்லிய சுவர்களைக் கொண்ட சிறு குடில்கள். கடுங்குளிர்கால டிசம்பரிலே பிள்ளைகள் அவற்றிலே தங்கவைக்கப்பட்டனர். வார இறுதிகளிலே பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கக் குடும்பங்கள் வந்தன. பிள்ளைகள் உணவருந்தும் வேளையிலே வந்தவர்கள் சுற்றிவந்து பார்ப்பார்கள். அழகிய சிறு குழந்தைகளை முதலில் தெரிவு செய்வார்கள். வளர்ந்த பையன்கள் வாரந்தோறும் எஞ்சி நிற்பார்கள். மாட்டுச் சந்தை என்று அதனைப் பிள்ளைகளே பின்னாளில் வர்ணித்தார்கள். வந்தவர்கள் தீயவர்கள் அல்லர்; நல்லெண்ணத்தோடு வந்தவர்களே. ஆனால், நல்லெண்ணம் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் எதிரே நிற்கும் குழந்தையின் மானத்தையும் மிதித்துவிடும் என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமா?

பனியிலே ஒரு ரோசா

அந்தக் குளிர் முகாமிலேதான் லோரேயின் வாழ்விலே முதல் ஒளி தோன்றியது. வெளியே ஒரு ரோசாச் செடி. இலையுதிர்ந்த காலத்திலும் எஞ்சி நின்ற ஒரு பூ. அதன் தலையிலே பனி. அதைக் கண்ட சிறுமிக்கு ஓர் எண்ணம் உதித்தது. வியன்னாவிலே அகப்பட்டிருக்கும் தன் மக்களும் இப்படித்தான், குளிர்காலத்திலே தோட்டத்தில் விடப்பட்ட பூக்களைப் போல மடிந்துகொண்டிருக்கிறார்கள் என்று கண்டாள். பேனாவை எடுத்தாள், கடிதம் எழுதினாள், தன் பெற்றோரைக் காப்பாற்றுமாறு வேண்டினாள்.

அக்கடிதம் உரியவர்களின் உள்ளத்தைத் தொட்டது. அக்காலத்திலே பிரித்தானியாவுக்குள் அகதிகள் நுழைவதற்கு இருந்த மிகச் சில வழிகளுள் ஒன்று, வீட்டு வேலைக்காரராக வருவது. அவ்வகை அனுமதி அவளுடைய பெற்றோருக்குக் கிடைத்தது. 1939 மார்ச் 8ஆம் நாள், லோரேயின் பதினோராவது பிறந்த நாளன்று, அவர்கள் இங்கிலாந்திலே அவள் முன் வந்து நின்றார்கள்! வங்கிக் கணக்கர் பட்லர் என்னும் வீட்டுப் பணியாளரானார். பியானோ பயின்றவர் சமையற்காரியானார். ஆயினும் உயிரோடு வந்தார்கள்.

அன்பர்களே! வந்திறங்கி மூன்று மாதம் நிறையுமுன், அந்நாட்டு மொழியையே அறிந்திராத ஒரு சிறுமி சாதித்த காரியம் இது. அவள் ஒருத்தி மட்டுமல்லள். வேறு பல பிள்ளைகளும் தங்கள் அரைகுறை ஆங்கிலத்தோடு பெரிய வீடுகளின் கதவுகளைத் தட்டி, "என் தாய்க்குச் சமையல் வேலை தருவீர்களா? என் தந்தைக்குத் தோட்ட வேலை தருவீர்களா?" என்று கேட்டுத் திரிந்தார்கள். சிலருக்குக் கதவு திறந்தது. பலருக்குத் திறக்கவில்லை. திறவாத கதவுகளின் கணக்கு அந்தப் பிள்ளைகளின் நெஞ்சிலே ஆயுள் முழுதும் இருந்தது.

நான் சொல்ல வந்த கருத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பிறர் வீட்டிலே வாழும் துன்பத்தின் சாரம் பசியன்று, குளிருமன்று. "நான் பெறுபவன் மட்டுமே, என்னால் ஆவது ஒன்றுமில்லை" என்ற உணர்ச்சியே அத்துன்பத்தின் சாரம். ஆகவே, அத்துன்பத்தினூடே தோன்றும் ஒளியும், தன்னால் ஏதோ ஒன்று ஆகிறது என்று அவன் அறியும் அந்தக் கணத்திலேயே தோன்றுகிறது. அது கடிதமாயினும் ஆகலாம், பாடமாயினும் ஆகலாம், வீட்டாரோடு சேர்ந்து செய்யும் ஒரு சிறு வேலையாயினும் ஆகலாம்.

ஐந்து வீடுகள்

லோரே முதலில் லிவர்ப்பூல் நகரிலே ஒரு தளபாட உற்பத்தியாளரின் இல்லத்திலே சேர்க்கப்பட்டாள். அவர்களும் யூதர்களே. ஆனால், அவள் பிறந்த வீட்டிலும் பார்க்க ஆசாரம் மிகுந்தவர்கள். ஒரே சமயம், வேறு வழக்கம்! அவ்வீட்டார் கேட்ட கேள்விகளிலிருந்து ஒன்று அவளுக்குப் புலனாயிற்று: வியன்னாவிலே நடப்பது என்ன என்பது இவர்களுக்குத் தெரியாது. உடனே அவள் ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்து, தான் கண்டவற்றையெல்லாம் ஜேர்மன் மொழியிலே எழுதி நிரப்பத் தொடங்கினாள். உணவும் உறையுளும் அவர்கள் தந்தார்கள். அவர்கள் அறியாத உண்மையை அவள் தந்தாள். ஓர் எழுத்தாளர் பிறந்தது அந்தக் கொப்பியிலேதான்.

பெற்றோர் வந்த பின்னரும் அவள் அவர்களோடு வாழ முடியவில்லை. வேலைக்காரர் தம் பிள்ளையை எசமானரின் வீட்டிலே வைத்திருக்க இடமில்லை. தாயும் மகளும் ஒரே நாட்டிலே. ஆனால் ஒரே கூரையின் கீழ் அல்ல. ஆகவே, லோரே வீடு மாறினாள். புகையிரத இயந்திரத்துக்கு நிலக்கரி இடும் தொழிலாளியின் குடும்பத்திலே வாழ்ந்தாள். பால்காரரின் குடும்பத்திலே வாழ்ந்தாள். பழைய கால வழக்கங்களில் ஊறிய முதிய மாதரின் இல்லத்திலும் வாழ்ந்தாள். மொத்தம் ஐந்து குடும்பங்கள். ஆங்கிலச் சமுதாயத்தின் ஏணியிலே ஒவ்வொரு படியிலும் அவள் உட்கார்ந்து பார்த்தாள். எந்த வீட்டிலே எப்படித் தேநீர் அருந்துகிறார்கள், எப்படிக் கோபிக்கிறார்கள், எதைக் கண்டு நாணுகிறார்கள் என்பதையெல்லாம் கண்ணாற் கற்றாள். வேறெந்த ஆங்கிலச் சிறுமிக்கும் கிட்டாத கல்வி அது! 1964ஆம் ஆண்டு, லோரே சீகல் என்ற பெயரிலே, "பிறர் வீடுகள்" என்று பொருள்படும் தலைப்பிலே அவர் வெளியிட்ட நூல் அந்தக் கல்வியின் பயனே. அவர் நியூயோர்க் நகரிலே நெடுங்காலம் வாழ்ந்து, 2024 ஒக்ரோபரிலே, 96ஆவது வயதில் மறைந்தார்.

அவரது தந்தையின் கதையையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. 1940ஆம் ஆண்டு, ஜேர்மன் மொழி பேசும் அந்நியர் என்ற காரணத்தினால், ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அந்த மனிதரையே பிரித்தானிய அரசு மான் தீவிலே தடுத்து வைத்தது. நோய்வாய்ப்பட்ட அவர், போர் முடியும் தறுவாயிலே உயிர் நீத்தார். அடைக்கலம் என்பது உரிமையாக அன்றி அருளாக மட்டும் வழங்கப்படும்போது, வழங்கிய கையே ஒரு நாள் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

மரம் வெட்டி வாங்கிய நூல்

அதே வியன்னாவிலிருந்து வந்த இன்னொருவனின் கதையும் உண்டு. வோல்ட்டர் கோன் என்பது அவன் பெயர். போர் மூளுவதற்குச் சில வாரங்களே இருந்த வேளையிலே, 16 வயதிலே இங்கிலாந்துக்கு வந்தவன். சசெக்ஸ் பகுதியிலே ஒரு குடும்பம் அவனை ஏற்றது. படித்தவர்கள் வேலையின்றி அலைவதைக் கண்டிருந்தமையால், கமக்காரனாவதே நல்லது என்று எண்ணிப் பண்ணையொன்றிலே பயிற்சிக்குச் சென்றான். அங்கே மூளைச்சவ்வு அழற்சி என்னும் கடும் நோய் அவனைப் பீடித்தது. அந்தக் குடும்பம் அவனைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டது, பாடசாலைக்கும் அனுப்பிற்று. கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் கற்கும் வாய்ப்பு அவனுக்கு அங்கே கிட்டியது.

ஆனால், 1940இலே அவனையும் அரசு தடுத்துவைத்துக் கனடாவுக்குக் கப்பலேற்றியது. இவ்வாறு வந்த பிள்ளைகளுள் ஏறத்தாழ ஆயிரம் பேர் தடுத்துவைக்கப்பட்டனர். கனடாக் காட்டிலே மரம் வெட்டும் வேலை. நாட்கூலி இருபது சதம். அந்தக் காசைச் சேமித்து அவன் என்ன வாங்கினான், தெரியுமா? தூய கணிதம் பற்றி ஹார்டி என்னும் பேராசிரியர் எழுதிய பாடநூலை வாங்கினான்! எந்த ஹார்டி? 1914ஆம் ஆண்டு கும்பகோணத்து இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைப்பித்த அதே ஹார்டி! ஒரு தமிழ் இளைஞனின் மேதையை உணர்ந்த அதே அறிஞரின் நூல், முள்வேலிக்குள் கிடந்த இன்னோர் அந்நிய இளைஞனுக்கும் துணையாயிற்று. அகதிகளாக அடைபட்டிருந்த ஆசிரியர்களே முகாமுக்குள் வகுப்பு நடத்தினார்கள். முகாம் பள்ளிக்கூடமாயிற்று.

1942 சனவரியிலே விடுதலையானதும், ரொறன்ரோ நகரிலே ஒரு பேராசிரியரின் குடும்பம் அவனுக்கு இல்லம் தந்தது. பல்கலைக்கழகம் இடம் தந்தது. ஆனால், எதிரி நாட்டான் என்பதனால் இரசாயனத் துறைக் கட்டடத்துக்குள் அவன் நுழையலாகாது என்று தடை. அதனாலே கணிதமும் பௌதிகமும் கற்றான். 1998ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எந்தத் துறையிலே? இரசாயனத் துறையிலே! கட்டடத்துக்குள் விட மறுத்த துறையின் மணிமுடியே அவர் தலையில் ஏறியது. ஆனால், அந்த முடியைக் காண அவரது பெற்றோர் இல்லை. அவர்கள் அவுஷ்விட்ஸ் கொலைக்களத்திலே மாண்டு அரை நூற்றாண்டு கடந்திருந்தது. வெற்றிக் கதையாக இதனை மட்டும் நான் சொல்லிச் சென்றால் உங்களை ஏமாற்றியவனாவேன். ஒளி என்று நான் குறிப்பிடுவது இருள் நீங்கிவிட்டது என்று பொருள்படாது. இருளுக்குள்ளே ஒருவன் தன் கையைத் தான் காணும் அளவு வெளிச்சம், அவ்வளவே.

நன்றி என்னும் கடன்

எல்லா வீடுகளும் நல்ல வீடுகளாக இருக்கவில்லை. வளர்ந்த பெண்பிள்ளைகளைச் சம்பளமில்லா வேலைக்காரிகளாக நடத்திய வீடுகள் இருந்தன. பிள்ளையின் சமயத்தையும் பெயரையும் மாற்றத் துணிந்த வீடுகள் இருந்தன. இதைவிடக் கொடுமை இழைத்த வீடுகளும் இருந்தன. அதே வேளையில், தங்கள் பிள்ளையினும் மேலாகப் பேணி, போர் முடிந்த பின்னும் பெற்றோராகவே நிலைத்து நின்ற குடும்பங்கள் பலப்பல.

ஆனால், நல்ல வீட்டிலும் ஒரு வேதனை உண்டு. வீட்டார் ஒரு புன்முறுவலை எதிர்பார்க்கிறார்கள். பிள்ளையோ ஊரை நினைந்து ஊமையாய் இருக்கிறது. "இவ்வளவு செய்தோமே, நன்றியில்லையே!" என்று அவர்கள் மனம் சுளிக்கிறது. "நன்றி சொல்லிச் சொல்லி என் நா வறண்டதே!" என்று பிள்ளையின் மனம் குமைகிறது. இருவர் மீதும் பிழையில்லை. தாயை நெருப்பிலே விட்டு வந்த குழந்தைக்கு மெத்தை முள்ளாகவே இருக்கும். போர் தொடங்கிய பின் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே சென்ற செய்தி ஒவ்வொன்றிலும் 25 சொற்களுக்கே இடம். 25 சொற்களிலே ஒரு தாயைக் கொண்டுவர வேண்டும்! அத்தகைய செய்தியை மடித்து வைத்துக்கொண்டு மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் போய் நன்றியைக் கேட்கலாமா?

அவ்வேளையிலே நல்ல வீட்டார் செய்தது என்ன? "உன் தாய் எப்படிச் சமைப்பாள்? உன் ஊரிலே இப்போது என்ன காலம்? அதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டார்கள். கேள்வி கேட்டவன் மாணவன் ஆனான். அகதிப் பிள்ளை ஆசிரியனானது. ஒரு நிமிட நேரமேனும் அது கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தது. வள்ளுவர் நடுவே வைத்த அந்த இனிய சொல் இதுவன்றி வேறு எது?

நமக்குரிய பாடம்

இக்கதை வேற்று நாட்டாரின் கதை. வேற்று இனத்தாரின் துயரம். அதனோடு நம் துயரத்தை நிறுத்துப் பார்ப்பது முறையன்று. ஆயினும், பிறர் வீட்டுத் திண்ணையின் குளிர் இன்னதென அறியாதவர் நம்முள் எத்தனை பேர்? 1983க்குப் பின் நம் இளைஞர் ஆயிரமாயிரமாக ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்று அந்நியர் தயவிலே வாழ்வைத் தொடங்கினர். 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே தென்மராட்சி நோக்கி நடந்தபோது, ஒரு வீட்டிலே பல குடும்பங்கள் வாழ்ந்ததை இங்குள்ள முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்காரராய் இருந்தவர்களும் நம்மவர்; விருந்தினராய் இருந்தவர்களும் நம்மவர். இரு பக்கத்து மனச்சுமையும் நமக்குத் தெரியும்.

ஆகவே, இரு சாராருக்கும் ஓரிரு சொற்கள் சொல்லி முடிக்கிறேன்.

வீடு தருவோரே! உங்களிடம் வந்தவருக்கு ஓய்வு மட்டும் கொடுக்காதீர்கள். ஓர் இடமும் கொடுங்கள். அடுக்களையிலே ஓர் அகப்பையை அவர் கையிலே கொடுங்கள். முற்றத்து மரத்துக்கு நீர் ஊற்றும் பொறுப்பைக் கொடுங்கள். அவரது மொழியிலே நான்கு சொற்களையேனும் கற்றுக்கொள்ளுங்கள். நன்றியை எதிர்பார்த்து வாசலில் நிற்காதீர்கள். அது வரும் நேரத்திலே வரும்; சில வேளைகளில் அடுத்த தலைமுறைக்கே வரும்.

பிறர் வீட்டில் வாழும் பிள்ளைகளே! எழுதுங்கள், கேளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். உங்களால் ஆகும் ஒரு காரியத்தை, அது எத்துணைச் சிறிதாயினும், நாள்தோறும் செய்யுங்கள். தாய்க்கு எழுதும் கடிதத்திலே துன்பத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அன்று கண்ட ஒரு நல்ல காரியத்தையும் அதனோடு சேர்த்து எழுதுங்கள். அதைத் தேடுவதற்காகவேனும் உங்கள் கண் திறந்திருக்கும்.

நாடாளுவோருக்கும் ஒரு சொல் உண்டு. ஒரு குழந்தை பத்து வயதிலே தன் பெற்றோரின் உயிருக்காகக் கடிதம் எழுத நேர்வது அக்குழந்தையின் பெருமையாக இருக்கலாம். அதை எழுத வைத்த அரசுகளுக்கு அது அழியாத சிறுமை. கருணையுள்ள இல்லங்கள் எத்தனை இருந்தாலும், நீதியுள்ள சட்டத்துக்கு அவை ஈடாகா. அடைக்கலம் தேடி வருபவனைத் தாயினின்றும் பிரிக்காத சட்டம், வந்தபின் எதிரியென்று அடைக்காத சட்டம், அதுவே நாகரிகத்தின் அளவுகோல்.

இலண்டன் நகரத்து லிவர்ப்பூல் வீதிப் புகையிரத நிலையத்தின் வெளியே, பெட்டிகளோடு நிற்கும் சில பிள்ளைகளின் சிலைகள் உள்ளன. 2006ஆம் ஆண்டு அவற்றை அங்கே அமைத்த சிற்பி பிராங்க் மைஸ்லர், தாமே அவ்வாறு வந்திறங்கிய பிள்ளைகளுள் ஒருவர். பெற வந்த பிள்ளை, தன்னை ஏற்ற நாட்டுக்கு ஒரு நினைவைக் கொடுத்துச் சென்றது. நம் பிள்ளைகள் இன்று எந்த நாட்டு நிலையத்திலே, எந்தப் பெட்டியோடு நின்றாலும், அவர்களுக்கு ஒரு வீடும், அந்த வீட்டிலே ஓர் இனிய சொல்லும் கிடைப்பதாக. நம் வாசலிலே வந்து நிற்கும் பிறர் பிள்ளைக்கும் அவ்விரண்டையும் நாம் கொடுப்போமாக.